‘பணம்’ என்ற சொல் இல்லாத மிரட்டல்: அமாண்டா டாட் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

எக்ஸ்டார்ஷன் என்பதைத் தமிழில் எழுதச் சொன்னால் கை தானாகவே ‘மிரட்டிப் பணம் பறித்தல்’ என்று எழுதிவிடும். செய்தியாளர் எழுதுவதும் அப்படித்தான், காவல் நிலையத்தில் புகார் எழுதித் தருபவர் எழுதுவதும் அப்படித்தான். நடுவில் இருக்கும் அந்தப் ‘பணம்’ என்ற சொல்லை எடுத்து ஓரமாக வைத்தால்தான் சிறார் மீதான செக்ஸ்டார்ஷன் (அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுதல்) வழக்குகள் பிடிபடும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், போர்ட் கோக்விட்லம் என்ற ஊரில் வாழ்ந்த அமாண்டா டாட் என்ற சிறுமியிடம் மிரட்டியவன் கேட்டது கேமரா முன் மறுபடி வரவேண்டும் என்பதை. அவன் செய்தது எக்ஸ்டார்ஷன் குற்றமே என்று நியூ வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் கூடிய ஜூரி 2022 ஆகஸ்டில் முடிவு சொன்னது. அதே செயலை வேறு பல நாடுகளின் ‘மிரட்டிப் பறித்தல்’ பிரிவுக்குள் வைத்தால் பொருந்தாது, வேறு சட்டத்தைத் தேட வேண்டியிருக்கும். எது எங்கே பொருந்துகிறது, ஏன் பொருந்துகிறது, புகாரில் எதை எழுதினால் வழக்கு நிற்கும் என்பதே இங்கே பேச்சு.

நடந்தது

அமாண்டா 1996 நவம்பரில் பிறந்தவள். ஏழாம் வகுப்பில் படித்தபோது, முன்பின் தெரியாதவர்களோடு வெப்கேமில் பேசும் தளங்களுக்குப் போகும் பழக்கம் அவளுக்கும் தோழிகளுக்கும் இருந்தது. எதிர்முனையில் இருந்தவர்கள் புகழ்ந்தார்கள், கெஞ்சிக் கேட்டார்கள். அந்தரங்கமான ஒரு கணத்தை யாரோ படமாகப் பிடித்துக்கொண்டார்கள். நேரலை வீடியோ ஓடி மறைந்துவிடும் என்று பிள்ளைகள் நினைப்பது இயல்பு. திரையில் தெரியும் எதையும் எதிர்முனைக்காரர் சத்தமில்லாமல் பதிந்துகொள்ளலாம் என்பது அந்த வயதில் மனசில் ஏறாது.

சுமார் ஓராண்டு கழித்து பேஸ்புக்கில் ஒரு செய்தி வந்தது. மறுபடி கேமரா முன் வா, இல்லையென்றால் படத்தை அனுப்புவேன். அந்தச் செய்தியின் பலம் படத்தில் மட்டும் இல்லை. அவளுடைய வீட்டு முகவரி, பள்ளி, நண்பர்கள், உறவினர்களின் பெயர்கள் எல்லாம் அவன் கையில் இருந்தன. இத்தகைய வழக்குகளைப் பார்க்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: படம் தோட்டா என்றால், நண்பர் பட்டியல்தான் துப்பாக்கி. யாருக்கு அனுப்புவது என்று தெரியாதவனிடம் இருக்கும் படத்தை வைத்து மிரட்டவே முடியாது. பிள்ளைகளின் கணக்கில் நண்பர் பட்டியல், பின்தொடர்வோர் பட்டியல், பள்ளியின் பெயர் ஆகிய மூன்றையும் வெளியாருக்குத் தெரியாமல் வைப்பது, ‘தெரியாதவர்களோடு பேசாதே’ என்று நூறு முறை சொல்வதைவிட அதிகப் பயன் தரும் என்பது எங்கள் கணிப்பு.

2010 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாள், விடியற்காலை 4 மணிக்குக் காவல்துறையினர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். படம் பலருக்கும் போய்விட்டது என்று சொல்ல வந்திருந்தார்கள். அதன் பிறகு அவள் பள்ளி மாறினாள். மிரட்டியவன் பின்தொடர்ந்தான். அவளுடைய படத்தையே முகப்புப் படமாக வைத்து ஒரு பேஸ்புக் கணக்கு தொடங்கி, புதுப் பள்ளியின் மாணவர்களைத் தேடிப் போனான். பொதுவாக, படம் ஒரு தடவை வெளியாகிவிட்டால் மிரட்டலின் கூர்மை போய்விடும் என்பார்கள். பல வழக்குகளில் அது உண்மையும்கூட. இங்கே அப்படி நடக்கவில்லை. பள்ளி மாறும்போதெல்லாம் படத்தைப் பார்க்காத ஒரு புதுக் கூட்டம் அமைந்தது, மழுங்கிய கத்தி மறுபடி கூரானது. பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பள்ளி மாற்றுவதை முதல் தீர்வாக எடுக்கிற பெற்றோர் இந்த ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். பழைய பள்ளியில் உண்மை தெரிந்த நாலு ஆசிரியர்களும் இரண்டு நல்ல தோழிகளும் இருப்பது, எதுவுமே தெரியாத புது வகுப்பைவிடப் பாதுகாப்பாக இருக்கலாம்.

2012 செப்டம்பரில், எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டித் தன் கதையைச் சொல்லும் வீடியோ ஒன்றை அமாண்டா யூடியூபில் போட்டாள். வாய் திறந்து ஒரு சொல் பேசவில்லை. அக்டோபர் 10ஆம் தேதி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். வயது 15.

22 பெயர்கள், ஒரு கை

அவளைத் தொடர்ந்து வந்தவை 22 கணக்குகள் என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. சில பெயர்கள் சிறுவன் போலப் பேசின, சில தோழி போலப் பேசின, சில நேரடியாக மிரட்டின. இது இந்தக் குற்றத்தின் வழக்கமான வேலைமுறை. ஒரு கணக்கு நயமாகப் பேசும், இன்னொன்று பயமுறுத்தும், மூன்றாவது ‘நான் உதவுகிறேன், அவன் சொல்வதைச் செய்துவிடு’ என்று நடுவராக வரும். பிள்ளைக்கு ஒரு கூட்டமே தன்னைச் சூழ்ந்திருப்பதாகத் தோன்றும். விசாரணை அதிகாரிக்கும் அதே குழப்பம். ஒவ்வொரு கணக்கும் தனிப் புகாராகப் பதிவானால், ஒரே ஆளின் வேலை என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

துப்பு அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கிடைத்தது. நெதர்லாந்து காவல்துறை, வேறு பல நாட்டுச் சிறுமிகளும் ஆண்களும் மிரட்டப்பட்ட ஒரு விவகாரத்தை விசாரித்துக்கொண்டிருந்தது. விசாரணையின்போது சந்தேக நபரின் கணினியில் விசைத்தட்டல்களைப் பதியும் மென்பொருளைச் சட்ட அனுமதியோடு வைத்தார்கள். 2014 ஜனவரியில், ஒய்ஸ்டர்வைக் அருகே ஒரு விடுமுறைக் குடிலில் அந்தச் சந்தேக நபர், நெதர்லாந்துக் குடிமகனான அய்தின் சோபான், கைது செய்யப்பட்டார். அந்த ஆண்டு ஏப்ரலில் கனடா காவல்துறை 5 குற்றச்சாட்டுகளை அறிவித்தது.

பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நகர்ந்தது. முதலில் நெதர்லாந்து வழக்கு: 2017 மார்ச்சில் 10 ஆண்டு 8 மாதச் சிறை. அதை அனுபவித்துக்கொண்டிருந்தபோதே 2020 டிசம்பரில் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். 2022 ஜூனில் விசாரணை தொடங்கியது. ஆகஸ்ட் 6 அன்று 5 குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று ஜூரி சொன்னது: மிரட்டிப் பறித்தல், குற்றவியல் தொல்லை, பாலியல் குற்ற நோக்கில் சிறாரோடு தொடர்புகொள்ளுதல், சிறார் பாலியல் படங்களை வைத்திருத்தல், அவற்றைப் பரப்புதல். சிறுமியின் மரணத்துக்காக அவர் மீது குற்றம் சாட்டப்படவில்லை. கண்டம் கடந்த ஒரு மிரட்டலுக்கும் ஒரு மரணத்துக்கும் இடையே சட்டப்படியான காரணத் தொடர்பை நிறுவுவது மிகக் கடினம், அதை வைத்து வழக்கைப் பலவீனமாக்க வேண்டியதில்லை.

விசாரணையில் எதிர்த்தரப்பு எடுத்த நிலை சுவையானது. அமாண்டா குற்றத்துக்கு ஆளானாள் என்பதை அவர்கள் மறுக்கவே இல்லை. அந்த 22 கணக்குகளுக்குப் பின்னால் இருந்தது தங்கள் கட்சிக்காரர்தான் என்பதை நிரூபியுங்கள் என்பதே வாதம். உலகெங்கும் இணையக் குற்ற வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ‘நடந்ததா’ என்ற கேள்விக்கு விடை எளிது. ‘யார் விரல்’ என்பதற்கு விடை, கைப்பற்றப்பட்ட வன்தட்டுகளில் அழித்த பின்னும் எஞ்சியிருக்கும் தடங்களிலும், கணக்குகளின் உள்நுழைவுப் பதிவுகளிலும், ஒரே மாதிரியான சொற்றொடர்களிலும் இருக்கிறது. அவற்றில் பாதியைப் பாதிக்கப்பட்டவரின் வீட்டில் இருக்கும் சாதனமும் பத்திரப்படுத்திய செய்திகளும்தான் தர முடியும்.

‘எதையாவது’ என்ற சொல்லின் கனம்

கனடா குற்றவியல் தொகுப்பின் 346ஆம் பிரிவைப் படித்தால் அதன் அகலம் தெரியும். நியாயமான காரணம் இல்லாமல், எதையாவது பெறும் நோக்கத்தோடு, மிரட்டலாலோ குற்றச்சாட்டாலோ வன்முறையாலோ ஒருவரை எதையாவது செய்யத் தூண்டினால், அல்லது தூண்ட முயன்றால், அது எக்ஸ்டார்ஷன். பணம், சொத்து என்ற சொற்களே அதில் இல்லை. உச்ச தண்டனை ஆயுள்.

அந்த ‘எதையாவது’ பாலியல் இணக்கத்தையும் குறிக்குமா என்ற கேள்வி கனடா உச்ச நீதிமன்றத்துக்கு 1999இல் போனது. டேவிஸ் வழக்கு. புகைப்படம் எடுத்த ஒருவர், அந்தப் படங்களை மற்றவர்களுக்குக் காட்டிவிடுவேன் என்று மிரட்டிப் பெண்களிடம் உடல் உறவு கேட்டார். எக்ஸ்டார்ஷன் என்பது பொருளை மட்டும் காக்க வந்த சட்டம் என்று அவர் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒருவருடைய விருப்பத்தின் சுதந்திரத்தைக் காப்பதே அந்தப் பிரிவின் வேலை, ஆகவே பாலியல் இணக்கமும் அந்தச் சொல்லுக்குள் வரும் என்றது. இணையம் வீட்டுக்கு வீடு வராத காலத்துத் தீர்ப்பு. பதினோரு ஆண்டு கழித்துப் பேஸ்புக்கில் வந்த ஒரு மிரட்டலை அது அப்படியே அள்ளிக்கொண்டது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ‘தூண்ட முயன்றால்’ என்பதும் அதே குற்றம். பிள்ளை பணிந்துபோனாளா இல்லையா என்பது பொருட்டில்லை. மிரட்டல் செய்தி அனுப்பிய நொடியில் குற்றம் முழுமையடைகிறது.

2022 அக்டோபர் 14 அன்று நீதிபதி மார்த்தா டெவ்லின் 13 ஆண்டுச் சிறை விதித்தார். அரசுத் தரப்பு கேட்டது 12. சிறுமியின் வாழ்வைக் கெடுப்பதே சோபான் வெளிப்படையாகச் சொன்ன இலக்கு, அதை அவர் எட்டியும் விட்டார் என்று நீதிபதி தண்டனையின்போது குறிப்பிட்டார். ஆனால் 13 என்பது 13 ஆக நிற்கவில்லை. தன் குடிமகனை வெளிநாட்டு விசாரணைக்கு அனுப்பும்போது, தண்டனையைத் தாய்நாட்டில் கழிக்கவும் அதைத் தன் சட்ட அளவுக்கு மாற்றவும் நெதர்லாந்து உத்தரவாதம் கேட்கும். அதன்படி 2023 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் அதை 6 ஆண்டாக மாற்றியது. பலருக்கு இது கசந்தது. அந்த உத்தரவாதத்தைத் தராமல் இருந்திருந்தால் கனடாவில் விசாரணையே நடந்திருக்காது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பணம் கேட்கும் வகை

மேலே சொன்னது படம் கேட்கும் வகை. அண்மை ஆண்டுகளில் வேகமாகப் பரவியது பணம் கேட்கும் வகை. குறி பெரும்பாலும் 14 முதல் 17 வயதுப் பையன்கள். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 17 வயது மாணவர் ஒருவரிடம், ஹேக் செய்யப்பட்ட இன்ஸ்டாகிராம் கணக்கு ஒன்று பெண் போலப் பேசியது. படம் கைக்கு வந்ததும் 1,000 டாலர் கேட்டது. அவர் 300 டாலர் அனுப்பினார். மேலும் கேட்டார்கள். முதல் தொடர்புக்கும் அவருடைய மரணத்துக்கும் இடையே 6 மணி நேரம்கூட இல்லை. அமாண்டாவின் துயரம் ஆண்டுக்கணக்கில் நீண்டது, இது ஓர் இரவுக்குள் முடிந்தது. ‘காலையில் பேசிக்கொள்ளலாம்’ என்பதற்கு இந்த வகையில் இடமே இல்லை.

இதைச் செய்த, நைஜீரியாவின் லாகோஸ் நகரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் 2023இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2024 செப்டம்பரில் தலா 17 ஆண்டு 6 மாதச் சிறை பெற்றார்கள். அவர்கள் மீது நிலைத்த குற்றம், சிறாரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டச் சதி செய்தது. மிரட்டிப் பறித்தல் பிரிவை நம்பி வழக்கு நிற்கவில்லை. காரணம் எளிது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில், நற்பெயரைக் கெடுப்பேன் என்று மாநிலம் கடந்த செய்தி அனுப்பிப் பணமோ மதிப்புள்ள பொருளோ கேட்பதற்கு உச்ச தண்டனை 2 ஆண்டுதான். மிரட்டலின் மூலம் சிறாரைப் படம் எடுக்க வைப்பது சிறார் சுரண்டல் பிரிவில் விழும்போது, குறைந்தபட்சமே 15 ஆண்டு, அதிகபட்சம் 30. எக்ஸ்டார்ஷன் என்று எல்லோரும் பெயர் சூட்டும் ஒரு குற்றத்தை அந்தப் பெயருள்ள பிரிவால் தண்டிக்காமல் இருப்பதே அங்கே கெட்டிக்காரத்தனம்.

பணம் கொடுத்தால் நிற்குமா? நிற்காது. 300 டாலர் வந்தது என்றால், இவரிடம் பணம் இருக்கிறது, பயமும் இருக்கிறது, அனுப்பும் வழியும் தெரியும் என்ற மூன்று தகவல் எதிர்முனைக்குக் கிடைத்துவிட்டது. விலை ஏறும். பதில் வராத கணக்குகளை விட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேடுவதுதான் அவர்களுக்கு லாபம், ஏனென்றால் ஒரே நேரத்தில் பலரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியச் சட்டத்தில் வைத்துப் பார்த்தால்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 383ஐ ஏறக்குறைய அப்படியே சுமந்து வந்திருக்கிறது. ஒருவருக்குத் தீங்கு வரும் என்று அஞ்சவைத்து, நேர்மையற்ற முறையில், சொத்தையோ மதிப்புள்ள ஆவணத்தையோ ஒப்படைக்கச் செய்தால் அது குற்றம். தண்டனை முன்பு 3 ஆண்டு, இப்போது 7 ஆண்டு வரை. தீங்கு என்பதில் நற்பெயருக்கு வரும் கேடும் அடங்கும். பணம் தராவிட்டால் அவதூறு வெளியிடுவேன் என்று மிரட்டுவதே அந்தப் பிரிவின் முதல் எடுத்துக்காட்டு. ஆகவே பணம் கேட்டு, வாங்கியும்விட்டால், பிரிவு கச்சிதமாகப் பொருந்தும். கேட்டான், பிள்ளை தரவில்லை என்றால், அஞ்சவைத்ததற்கான 308(3) மட்டும்தான், 2 ஆண்டு வரை. படம் கேட்டால்? அமாண்டாவிடம் கேட்டது போல ‘கேமரா முன் வா’ என்றால்? சொத்து என்ற சொல்லுக்குள் அதைத் திணிப்பது சிரமம்.

இந்த ஓட்டையை, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அடைக்கிறது. 11ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, குழந்தையின் உடலையோ பாலியல் செயலையோ காட்டும் உண்மையான அல்லது புனைந்த சித்திரிப்பை எந்த ஊடகத்திலாவது பயன்படுத்துவேன் என்று பாலியல் நோக்கத்தோடு மிரட்டுவதையே பாலியல் துன்புறுத்தல் என்கிறது. என்ன கேட்டான் என்பது தேவையில்லை, எதுவும் கேட்காமல் மிரட்டியிருந்தாலும் போதும். ‘புனைந்த’ என்ற சொல் 2012இலேயே இருக்கிறது. முகத்தை வெட்டி ஒட்டிய படமும் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படமும் அதில் வந்துவிடும். தண்டனை 3 ஆண்டு வரை என்பது குறைவுதான். ஆனால் மிரட்டி ஒரு படமாவது எடுக்க வைத்திருந்தால் 13, 14ஆம் பிரிவுகள் வரும், குறைந்தபட்சம் 5 ஆண்டு. படத்தை வைத்திருப்பதற்கும் பரப்புவதற்கும் 15ஆம் பிரிவும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் உண்டு. பிந்தையதில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியக் கணினி வழியே செய்தாலும் அதே சட்டத்தின் 75ஆம் பிரிவு எட்டிப் பிடிக்கும், காகிதத்திலாவது.

பிள்ளை தானாகவே படம் அனுப்பினாள் என்பது வாதமாகாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவரின் சம்மதம் இந்தச் சட்டத்தில் கணக்கில் வராது.

முதல் சில மணி நேரம்

பிள்ளை வந்து சொன்னால், பெற்றோர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ‘என்ன காரியம் பண்ணித் தொலைச்சே’ என்று தொடங்கினால் பிள்ளை பாதியை மறைக்கும். மறைத்த பாதியில்தான் இரண்டாவது கணக்கும் அனுப்பிய பணமும் இருக்கும். ‘சொன்னது நல்லதாப் போச்சு, இனி நான் பாத்துக்கறேன்’ என்பது போதும். அன்றிரவு பிள்ளையைத் தனியாக விட வேண்டாம்.

அடுத்த தவறு, கைபேசியைப் பிடுங்கி அணைத்து அலமாரியில் வைப்பது. மிரட்டியவன் தன் பக்கத்திலிருந்து செய்திகளை அழித்துவிட்டால், இணையம் கிடைத்ததும் இந்தப் பக்கமும் மறைந்துபோகிற செயலிகள் உண்டு. அழிவதற்கு முன் பதிய வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது நல்லது, இன்னொரு கைபேசியால் திரையை வீடியோ எடுத்துக்கொண்டே மேலிருந்து கீழே உருட்டுவது அதைவிட நல்லது, ஏனென்றால் செய்திகளின் வரிசையும் நேரமும் அறுபடாமல் கிடைக்கும். இதில் கவனம் வேண்டிய ஒன்று: பிள்ளையின் படம் தெரியும் பகுதியை நகல் எடுக்கவோ, உறவினருக்கோ வழக்கறிஞருக்கோ வாட்ஸாப்பில் அனுப்பவோ கூடாது. நல்லெண்ணத்தில் அனுப்பினாலும் அது சட்டத்தின் பார்வையில் பரப்புதல். சாதனத்தையே அதிகாரியிடம் காட்டலாம். 2024 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து, இத்தகைய படங்களை வைத்திருப்பதையே கடுமையாகப் பார்க்க வேண்டும் என்று சொன்ன பின் இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

கணக்கின் பெயரைக் குறித்தால் போதாது. காட்சிப் பெயரை ஒரு நொடியில் மாற்றிவிடலாம், ‘@’ குறியோடு வரும் பயனர் பெயரையும் மாற்றலாம். சுயவிவரப் பக்கத்தின் முழு முகவரி வரியை நகல் எடுங்கள், எண் அடையாளம் தெரிந்தால் அதையும். நேரத்தை நொடி வரை குறிக்க வேண்டும், எந்த நேர மண்டலம் என்பதோடு. இது ஏதோ அலுவலகச் சடங்கு இல்லை. ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் பல நூறு கைபேசிகளை வைத்துத்தான் செல்பேசி நிறுவனங்கள் இணையம் தருகின்றன. அந்தக் கூட்டத்திலிருந்து ஓர் ஆளைப் பிரித்தெடுக்க, ஐபி முகவரியோடு, அதற்குள் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் வேண்டும். தளம் தரும் பதிவில் 18:17:12 யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருக்கும். அது இந்திய நேரம் 23:47:12. இந்த ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்து, நிறுவனத்திடம் மாலை 6.17க்கு விவரம் கேட்டால், அந்த நேரத்தில் அதே முகவரியில் இருந்த வேறு யாரோ ஒருவரின் பெயர் வரும். அப்பாவியின் வீட்டுக் கதவு தட்டப்படும், மிரட்டியவன் தப்புவான்.

பணம் போயிருந்தால் பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண், பெற்றவரின் யுபிஐ அடையாளம், தேதி, தொகை நான்கையும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் உடனே சொல்ல வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கத்தான் இந்த அவசரம். பணம் போகாத வழக்குக்கு 1930 மட்டும் போதாது. தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பகுதியில் பெயர் சொல்லாமலும் பதியலாம். 1098 குழந்தைகள் உதவி எண்.

கணக்கைத் தளத்தில் ரிப்போர்ட் செய்வது, பிறகு பிளாக் செய்வது. இந்த வரிசை மாறக் கூடாது. பிள்ளையின் கணக்கை மொத்தமாக அழிக்கவும் வேண்டாம், தற்காலிகமாக முடக்கினால் போதும். கணக்கே அழிந்தால் பேச்சும் சேர்ந்து அழியும். 22 கணக்குகளை ஒரு கையோடு இணைக்கும் நூல் அதில்தான் இருக்கும்.

படம் பரவாமல் தடுக்க, அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023 பிப்ரவரியில் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ சேவையை எந்த நாட்டிலிருந்தும் பெயர் சொல்லாமல் பயன்படுத்தலாம். படம் கைபேசியை விட்டு வெளியே போவதில்லை. அதன் ‘ஹாஷ்’ எனும் எண்வடிவக் கைரேகை மட்டும் போகிறது, இணைந்துள்ள தளங்கள் அதே கைரேகை உள்ள படத்தைத் தேடி நீக்குகின்றன. வெட்டிய, திருத்திய படத்துக்குக் கைரேகை மாறும் என்பதால் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். முழுக்க மறையாக்கம் செய்த உரையாடல்களுக்குள் இது எட்டாது. படத்தை அழிக்கவும் அவசரப்படக் கூடாது: அசல் இருந்தால்தான் கைரேகை எடுக்க முடியும்.

புகாரில் எழுத வேண்டியது

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப இடமில்லாதபடி, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, சம்பவம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் தகவலைப் பதியச் சொல்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிய வேண்டும் என்பது போக்சோ 24. இதைக் கேட்டுப் பெறுவது உரிமை. மின்னணுச் சான்றுகளோடு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் போக வேண்டும். ஹாஷ் மதிப்போடு அதில் இரண்டு பகுதி: ஒன்று சான்றைத் தருபவர் நிரப்புவது, மற்றது நிபுணர் நிரப்புவது. இரண்டாவதை மறந்து நீதிமன்றத்தில் விழிக்கும் வழக்குகள் உண்டு.

புகாரின் உடலில், ‘என் மகளை இணையத்தில் மிரட்டிப் பணம் கேட்கிறார்கள்’ என்ற ஒற்றை வரி எழுதினால் 308க்குள் வழக்கு அடங்கிப்போகும், அல்லது பணம் போகவில்லையே என்று மனு நிலையிலேயே கிடக்கும். மகளின் பிறந்த தேதியை முதலில் எழுதுங்கள், அதுதான் போக்சோவின் சாவி. பிறகு மிரட்டிய சொற்களை அப்படியே, எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில், மேற்கோளில் எழுதுங்கள். என்ன கேட்டான் என்பதை ஒவ்வொன்றாக: பணமா, எவ்வளவு, படமா, எத்தனை முறை, வீடியோவில் வரச் சொன்னானா, வேறு யாருடைய எண்ணையாவது கேட்டானா. படம் யாருக்காவது போனதா, போனால் யாருக்கு, எப்போது. தொடர்பு கொண்ட எல்லாக் கணக்குகளையும் ஒரே புகாரில், ஒரே அட்டவணையில், வந்த தேதி வரிசையில் வையுங்கள். ஒவ்வொன்றையும் வேறு ஆளாக நினைத்துத் தனித்தனி மனுவாகக் கொடுக்காதீர்கள். ரசீது எண் வாங்கிய கையோடு, தளங்களுக்குத் தரவுப் பாதுகாப்புக் கோரிக்கை அனுப்பினார்களா என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். உள்நுழைவுப் பதிவுகளைத் தளங்கள் என்றென்றும் வைத்திருப்பதில்லை, அதிகாரப்பூர்வக் கோரிக்கை போனால்தான் அந்தக் கணக்கின் பதிவுகள் அழியாமல் தனியே எடுத்துவைக்கப்படும்.